ராத்திரி போன் யார் கையில்?

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துக்கொண்டால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் விடியும் முன்பே எழுந்துவிடுவார்கள். நாகையா, திருவாரூரா, மயிலாடுதுறையா, தஞ்சாவூரா, எந்த மாவட்டத்துக்குக் கலெக்டர் லீவு விட்டிருக்கிறார் என்று போனில் பார்த்தாக வேண்டும். லீவு உறுதியானதும் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடிவிட்டு, அதே போனோடு போர்வைக்குள் போய்விடுவார்கள். லீவு நாலு நாள் நீண்டால் ஐந்தாம் நாள் என் அறைக்கு வெளியே பெஞ்சில் ஒரு அம்மாவும், தலையைக் குனிந்தபடி ஒரு பிள்ளையும் உட்கார்ந்திருப்பார்கள்.

கும்பகோணத்தில் வளரிளம் பருவத்துப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகராக இருக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கும் போய்வருகிறேன். "மேடம், இவன் எப்பப் பாத்தாலும் போனும் கையுமாவே இருக்கான். என்னன்னு கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறான்." அம்மாக்கள் பேச்சைத் தொடங்குவது அநேகமாக இப்படித்தான். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்று நான் உடனே கேட்பேன் என எதிர்பார்ப்பார்கள். நான் கேட்பது வேறு. "ராத்திரி போன் யார் கையில இருக்கும்மா?"

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது கொரோனா காலம். இனி எழுதுவதில் வரும் பிள்ளைகளின் ஊர், வகுப்பு, குடும்ப விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றை மாற்றவில்லை.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் 2021 ஜனவரி 19 அன்று திறந்து, இரண்டாம் அலையில் மறுபடி மூடி, ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான பிள்ளைகள் உருப்படியாகத் திரும்பி வந்தது 2021 செப்டம்பர் 1 அன்றுதான். இடையில் ஆன்லைன் வகுப்பு. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு அது காலை பத்து மணிக்கு நடந்தது. பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு போன்தான். அது அப்பாவின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும், இல்லையென்றால் அம்மாவோடு நடவுக்குப் போய்விடும். 2020இல் எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு மேட்டூர் அணையை உரிய தேதியில், ஜூன் 12 அன்று, திறந்திருந்தார்கள். குறுவை வேலை மும்முரமாக நடந்தது. நாற்றுப் பறியும் நடவுமாக அம்மாக்கள் விடியற்காலையில் கிளம்பினால் திரும்ப இருட்டிவிடும். போனும் அவர்களோடு இருட்டிய பிறகுதான் வீடு வரும். சார்ஜ் ஏறி, சமையல் முடிந்து, வாத்தியார் காலையில் க்ரூப்பில் போட்ட பாடம் பிள்ளையின் கைக்கு வரும்போது ஊர் அடங்கியிருக்கும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ரீசார்ஜ் செய்த தினசரி டேட்டா நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குக் காலாவதியாகிவிடும். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் எனக்கு விளக்கிச் சொன்னான். "அப்பா காசு போட்டு ஏத்துனது மேடம், மிச்சத்த வீணாக்கக் கூடாதுல்ல. பன்னெண்டு வரைக்கும் பாத்துத் தீத்துடுவேன். பன்னெண்டு அடிச்சா புதுசா ஒன்றரை ஜிபி வந்துடும்." அந்தப் புது ஒன்றரை ஜிபி அவனை அதிகாலை மூன்று மணி வரைக்கும் கொண்டுபோனது. பகல் பதினொன்றுக்கு எழுவான். எழுந்ததும் எரிந்து விழுவான். வீட்டில் அவனுக்குச் "சோம்பேறி" என்று பேர். அவன் சோம்பேறி இல்லை. தூக்கம் கெட்ட பிள்ளை.

பதின்ம வயதில் தூக்கம் வருவதே தள்ளிப்போகும். தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் என்ற சுரப்பு இந்த வயதில் பெரியவர்களுக்குச் சுரப்பதைவிடத் தாமதமாகச் சுரக்கிறது. கண்ணுக்கு நேரே பிடித்த திரையின் வெளிச்சம் அதை இன்னும் பிந்தவைக்கிறது. இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும். பள்ளி இருக்கும்போது காலை ஏழு மணிக்கு அம்மா தட்டி எழுப்புவதே ஒரு கடிகாரமாக இருந்தது. பள்ளி மூடியதும் அந்தக் கடிகாரமும் நின்றுபோனது. தூக்கம் குறைந்தால் முதலில் கெடுவது மனநிலை. சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும், காரணம் தெரியாமல் அழுகை வரும், எதிலும் பிடிப்பு இருக்காது. இதே அறிகுறிகள் மனச்சோர்வு நோய்க்கும் உண்டு. அதனால்தான் ஒரு பிள்ளையைப் பார்த்ததும் முதலில் தூக்கத்தைச் சரிசெய்து பார்க்கிறேன். அந்தப் பையனுக்குப் பாடம் பார்க்க மாலை ஆறிலிருந்து எட்டு, பத்து மணிக்குப் போன் அப்பாயி படுக்கும் இடத்துக்குப் போய்விட வேண்டும் என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். இரண்டு வாரத்தில் அவன் அம்மா "பழைய புள்ளையா ஆயிட்டான்" என்றார். எல்லாப் பிள்ளைக்கும் இவ்வளவு சீக்கிரம் சரியாவதில்லை. தூக்கம் சீரான பிறகும் முகம் தெளியாத பிள்ளைகள்தான் உண்மையில் எனக்குக் கவலை தருகிறவர்கள்.

இந்த மண்ணில் அதற்கு முன்பும் பள்ளிகள் நாள்கணக்கில் மூடிக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு படுத்துவிட்டன. பள்ளிக்கூடங்களே நிவாரண முகாம்களாகின. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத ஊர்கள் இருந்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர் வீட்டு வாசலில் காசு கொடுத்துப் போனுக்குச் சார்ஜ் போட வரிசை நின்றது. முகாமில் நான் பார்த்த பிள்ளைகள் பயந்துதான் இருந்தார்கள். காற்று கொஞ்சம் வேகமாக வீசினாலே எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஆனால் அந்தப் பயத்தை வராந்தாவில் பத்துப் பேராகச் சேர்ந்து உட்கார்ந்து திரும்பத் திரும்பப் பேசினார்கள். ஓடு பறந்ததை, மாடு செத்ததை, இருட்டில் ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு ஓடியதை ஒருத்தர் விட்ட இடத்திலிருந்து இன்னொருத்தர் சொன்னார்கள். மூன்றாவது வாரத்தில் அந்தப் பேச்சுக்கு நடுவே சிரிப்பும் வந்தது.

போன் இல்லாததால்தான் அவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. அதே முகாமில் ஒரு பெண்பிள்ளை சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அப்பாவின் குரலைக் கேட்காமல் ஆறு நாள் சோறு இறங்காமல் இருந்தாள். ஏழாம் நாள் யாரோ கொடுத்த போனில் "அப்பா" என்று ஒரு சொல் பேசிய பிறகுதான் அவள் தூங்கினாள். போன் உயிர்நாடியாக இருக்கும் வீடுகள் டெல்டாவில் நிறைய. மன்னார்குடி, கூத்தாநல்லூர், பட்டுக்கோட்டை பக்கம் பாதித் தெருவுக்கு அப்பா என்பவர் வீடியோ காலில்தான் இருக்கிறார். கஜாவில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் துணையாக இருந்தார்கள், போன் இல்லை. கொரோனாவில் போன் இருந்தது, பக்கத்தில் ஆள் இல்லை. திண்ணையில் கூடக் கூடாது, ஆற்றுக்குப் போகக் கூடாது, மூன்றாவது வீட்டுக் கூட்டாளியைத் தொடக் கூடாது. நட்பு, சண்டை, கேலி, முதல் காதல், எல்லாமே ஒரு ஐந்தங்குலத் திரைக்குள் போய்ச் சேர்ந்தன. அங்கே பார்த்தது அனைத்தையும் அவரவர் போர்வைக்குள் தனியாகவே தாங்கினார்கள்.

பள்ளியில் ஒருத்தன் முகம் கொடுக்காமல் போனால் அடுத்த பீரியடில் தண்ணி பாட்டிலை நீட்டிச் சரிசெய்துகொள்ளலாம். வாட்ஸ்அப்பில் ப்ளூ டிக் விழுந்து பதில் வராவிட்டால் அப்படி ஒரு அடுத்த பீரியடே கிடையாது. "பாத்துட்டா மேடம், ஆன்லைன்லதான் இருக்கா, ஆனா ரிப்ளை பண்ணல" என்று விக்கி விக்கி அழுத பெண்ணுக்கு வயது பதினாலு. அவள் தோழி வீட்டில் இருந்ததும் ஒரே போன்தான். ஆன்லைனில் இருந்தது தோழியின் அண்ணன். இது தெரிய அவளுக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளில் அவள் தன்னைப் பற்றி என்னவெல்லாம் நினைத்துக்கொண்டாள் என்று சொன்னபோது எனக்கே மனசு கனத்துப்போனது.

2020 ஜூன் 9 அன்று பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை ரத்து செய்து எல்லோரும் தேர்ச்சி என்று அறிவித்தார்கள். அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வும் ரத்தானது. பத்தாம் வகுப்பிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பன்னிரண்டிலிருந்து 30 சதவீதம் எடுத்து மதிப்பெண் போட்டார்கள். "ஆல் பாஸ்" மீம்கள் போன் முழுக்கப் பறந்தன. பெரியவர்கள் அதை விளையாட்டாகத்தான் அனுப்பினார்கள். பகலில் அதே மீமைத் தன் ஸ்டேட்டஸில் வைத்துச் சிரித்த ஒரு மாணவி என்னிடம் வந்தபோது சொன்னாள், "நாங்க ஒண்ணுமே படிக்காம பாஸானோம்னு நெனைக்கிறாங்க மேடம். நான் ரெண்டு தடவை ரிவிஷன் முடிச்சிருந்தேன்." பிள்ளைகள் சிரித்துக்கொண்டே ஃபார்வர்டு செய்வதெல்லாம் அவர்களுக்கு வலிக்காதவை என்று எண்ணிவிட வேண்டாம்.

2020 ஜூன் 29ஆம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். "சனியன் ஒழிஞ்சுது" என்று வீடுகளில் நிம்மதி. ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் வரப்பில் நின்று நாட்டுப்புறப் பாட்டு பாடிப் போடுவான். வகுப்பில் கடைசி பெஞ்ச், படிப்பும் சுமார். அவன் பேரை மதித்துக் கூப்பிட்ட ஒரே இடம் அதுதான். ஒரே ராத்திரியில் அது இல்லாமல் போனது. அவன் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. தடை சரியா தவறா என்பது வேறு பேச்சு. அந்தப் பிள்ளைக்கு அது ஒரு இழப்பு. இழப்புக்குத் துக்கம் உண்டு. துக்கத்தைப் பார்த்துச் சிரித்தால் அது உள்ளே போய்விடும். அவனைப் பாடச் சொல்லிக் கேட்டேன். நல்ல குரல். அவன் அப்பா அன்றுதான் மகன் பாடி முதன்முதலாகக் கேட்டாராம்.

பையன்கள் அந்த மாதங்களில் போய்ச் சேர்ந்த இன்னொரு இடத்தையும் சொல்லியாக வேண்டும். சாதிப் பெருமை பேசும் க்ரூப்புகள், அரிவாள் படம் போட்ட ஸ்டேட்டஸ்கள். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் ஒன்றரை வருஷம் கழித்து வேற்று ஆளாகத் தெரிந்த கதைகளை ஆசிரியர்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தனிமையில் இருக்கும் பிள்ளைக்கு "நீ நம்ம ஆளு" என்ற சொல் எங்கிருந்து வந்தாலும் இனிக்கும். வீட்டில் அவனோடு பேச ஆள் இருந்தால் அந்தச் சொல்லின் இழுப்பு குறையும்.

மனதை விட்டு நீங்காத ஒரு பெண்ணைப் பற்றி இப்போது எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு. 2021 தொடக்கத்தில் இன்ஸ்டாகிராமில் ஒரு "அக்கா" பழக்கமானாள். நாகப்பட்டினத்தில் காலேஜ் படிப்பதாகச் சொன்ன அந்த அக்கா, தினமும் ராத்திரி "சாப்ட்டியா பாப்பா" என்று கேட்டாள். வீட்டில் யாருமே அப்படிக் கேட்காத நாட்கள் அவை. அப்பா மலேசியாவில், அம்மா காலையிலிருந்து வேலையில். ஒரு மாதத்தில் போட்டோ கேட்டாள். சாதாரணப் போட்டோதான். பிறகு அந்த முகத்தை வேறு உடம்போடு ஒட்டித் திருப்பி அனுப்பி, இன்னும் வேண்டும், இல்லையென்றால் உன் ஸ்கூல் க்ரூப்பில் போட்டுவிடுவேன் என்ற மிரட்டல் வந்தது. அக்கா என்று ஒருத்தியே இல்லை.

நாலு மாதம் அவள் வாயைத் திறக்கவில்லை. வயிற்றுவலி என்றாள். ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. தலை வாருவதை விட்டாள். மெசேஜ் சத்தம் கேட்டால் திடுக்கிட்டாள். போனை எப்போதும் குப்புறவே வைத்தாள். சத்துணவு உலர்பொருள் வாங்கப் பள்ளிக்கு வந்தவளின் முகத்தைப் பார்த்து ஒரு ஆசிரியை தனியாகக் கூட்டிப்போய், "என்னடா கண்ணு" என்று மட்டும் கேட்டு, பதிலுக்கு அவசரப்படாமல் அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் உடைந்தாள்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று பின்னால் மெதுவாகக் கேட்டேன். "சொன்னா போனப் புடுங்கிடுவாங்க மேடம். அப்பறம் படிப்ப நிறுத்திடுவாங்க. மாமா பையனுக்குக் கட்டி வெச்சிடுவாங்க." மிரட்டியவனைவிட வீட்டுக்கு அவள் அதிகம் பயந்திருந்தாள். பெற்றோர்கள் இதைப் படிக்கும்போது ஒரு நிமிஷம் இங்கே நின்றுவிடுங்கள். "இனிமே போன்ல உன்னப் பாத்தேன், தொலைச்சுடுவேன்" என்று நாம் கோபத்தில் சொல்லும் ஒவ்வொரு தடவையும், நாளைக்குத் தப்பு நடந்தால் யாரிடம் சொல்லக் கூடாது என்பதைப் பிள்ளை குறித்துக்கொள்கிறது.

அவள் விஷயத்தில் செய்ததைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். எதையும் அழிக்கவில்லை. அந்த ஐடியின் பெயர், மெசேஜ்கள், தேதி நேரம் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்தோம். மிரட்டியவன் கேட்ட எதற்கும் இணங்கவில்லை, பதில் எழுதிச் சண்டையும் போடவில்லை. ஒட்டிச் செய்த படமாக இருந்தாலும் குழந்தையை ஆபாசமாகக் காட்டுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம். பதினெட்டு வயதுக்குட்பட்டவர் என்பதால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் வரும். பிள்ளையின் பெயரோ அடையாளமோ வெளியே வரக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் அவள் அம்மாவுக்குப் புகார் கொடுக்கும் தைரியம் வந்தது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணுக்கும், தேசிய சைபர் கிரைம் புகார் தளத்துக்கும், அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். டேக் இட் டவுன் என்று ஒரு சேவை 2023 முதல் இருக்கிறது. பதினெட்டு வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க, படத்தை யாருக்கும் அனுப்பாமலே அதன் மூலம் விண்ணப்பிக்கலாம். இந்தப் பெண்ணுக்கு அப்போது அது கிடைக்கவில்லை.

மலேசியாவில் இருந்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லோருக்கும் பெரிய கவலையாக இருந்தது. வீடியோ காலுக்கு முன் அவரோடு தனியாக நாற்பது நிமிஷம் பேசினேன். கத்தினார், அழுதார். மகள் திரைக்கு வந்ததும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்தான். "ஒம் மேல எந்தத் தப்பும் இல்லம்மா." என் இத்தனை வருஷ ஆலோசனையில் அதைவிட வேலை செய்த மருந்தைப் பார்த்ததில்லை. செப்டம்பர் 1 அன்று அவள் பள்ளிக்குப் போனாள்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. பத்து முதல் பத்தொன்பது வயதுள்ளவர்களில் உலக அளவில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலச் சிக்கல் இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2023 மே மாதம் வெளியிட்ட அறிவுரையில், சமூக ஊடகத்தில் நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் செலவிடும் பதின்ம வயதினருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்றவை வரும் அபாயம் இரு மடங்கு என்றிருக்கிறது. இதை வைத்துப் போன்தான் நோய்க்குக் காரணம் என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஏற்கெனவே மனம் சோர்ந்த பிள்ளை போனில் அதிக நேரம் ஒதுங்கும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும். என் அனுபவத்தில் மணிக்கணக்கைவிட முக்கியம், எந்த நேரத்தில் பார்க்கிறது, யார் இல்லாத இடத்தை அது நிரப்புகிறது என்பவைதான்.

2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது இதை நேரில் பார்த்தேன். அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரைக்குமானது. ஆனால் மாலையில் தன்னார்வலர் வீட்டுத் திண்ணையில் சின்னப் பிள்ளைகள் கூடியதும், பத்தாவது பதினொன்றாவது படிக்கும் பெரிய பிள்ளைகளும் ஓரமாக வந்து உட்கார்ந்தார்கள். கொஞ்ச நாளில் கணக்கு சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார்கள். அந்த இரண்டு மணி நேரம் யாரும் போனைப் பிடுங்கவில்லை. அது தானாகவே பையில் கிடந்தது.

வீட்டுக்கு நான் சொல்வது அதிகமில்லை. பத்து மணிக்குப் பிறகு வீட்டிலுள்ள எல்லாப் போனும், அப்பா அம்மாவுடையதும் சேர்த்து, கூடத்தில் ஒரே இடத்தில் சார்ஜ் ஏறட்டும். பிள்ளை போனை மட்டும் வாங்கிவைத்துவிட்டு அப்பா படுக்கையில் ரீல்ஸ் பார்த்தால் அந்த ஏற்பாடு இரண்டு நாள் தாங்காது. இன்ஸ்டாகிராம் இப்போது பதின்ம வயதினர் கணக்குகளை இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை அமைதியாக வைக்கும் ஏற்பாட்டோடு தருகிறது. ஆனால் பிறந்த வருஷத்தை மாற்றிப் போட்டிருந்தால் அது வேலை செய்யாது. கூடவே உட்கார்ந்து அதைச் சரிசெய்யுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, குளிப்பு, கூட்டாளி, பிடித்த விளையாட்டு எல்லாம் ஒவ்வொன்றாக விட்டுப்போனால், வேண்டுதலுக்கும் மந்திரிப்பதற்கும் நடுவில் ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேச 14416 இருக்கிறது. இலவசம். "நான் இல்லாம இருந்தா நல்லாருக்கும்" என்கிற மாதிரி ஒரு சொல் பிள்ளை வாயிலிருந்தோ ஸ்டேட்டஸிலிருந்தோ வந்தால் அன்றைக்கே கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள். விவசாய வீடுகளுக்கு இன்னொன்று. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தும் எலிமருந்தும் வீட்டுக்குள் திறந்த இடத்தில் இருக்கவே கூடாது. பூட்டு போட்டு, சாவியைப் பெரியவர் வைத்திருங்கள். ஒரு கணத்து ஆவேசம் கடந்துபோக நேரம் கிடைத்தாலே பிழைத்துக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு.

போன மழை லீவில் ஒரு அம்மா இரவு பத்தேகாலுக்கு என்னை அழைத்தார். "மேடம், போன வாங்கி வெச்சுட்டேன். தூக்கம் வரலேன்னு கூடத்துல குந்தியிருக்கான். என்ன பண்ணட்டும்?"

"பக்கத்துல போய் உக்காருங்கம்மா."

"என்னத்தப் பேசறது?"

"ஒண்ணும் பேச வேணாம்."

அன்றிரவு பதினொன்றரை வரை இருவரும் முறுக்கைக் கொறித்துக்கொண்டு வாசலில் மழையைப் பார்த்தபடி இருந்தார்களாம். அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் ராத்திரி, அம்மா இலைக்கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, க்ரூப்பிலிருந்து தன்னை எடுத்துவிட்டார்கள் என்று சொன்னானாம்.